எல்மோ-1 ஜீனை அடக்கியும் மேக்ரோஃபேஜ் விழுங்குவது குறையவில்லை. கோளாறு எங்கே?

பாதிப்_பிப்பெட் கேட்டது:

வணக்கம். டிஎச்பி-1 செல்களில் (மனித மோனோசைட் செல் வரிசை) எல்மோ-1 ஜீனை எஸ்ஐ-ஆர்என்ஏ (ஜீனை அடக்கும் சிறு ஆர்என்ஏ) போட்டு அடக்கி, செத்த செல்களை விழுங்குவது குறைகிறதா என்று பார்க்கிறேன். செய்முறையை அப்படியே தருகிறேன்.

பிஎம்ஏ (மோனோசைட்டை மேக்ரோஃபேஜாக, அதாவது விழுங்கும் வெள்ளணுவாக, மாற்றும் வேதிப்பொருள்) 100 நானோமோலார், 72 மணி நேரம். செல்கள் தட்டில் ஒட்டியதும் அதே மீடியத்தில் எஸ்ஐ-ஆர்என்ஏ 50 நானோமோலார், கொழுப்பு ரீஏஜென்ட் வழியாக. 48 மணி கழித்து கியூபிசிஆரில் எம்-ஆர்என்ஏ 70% குறைந்திருந்தது. ஜர்கட் செல்களுக்கு (மனித டி-செல் வரிசை) சிஎஃப்எஸ்இ என்ற பச்சை ஒளிர் சாயம் ஏற்றி, ஸ்டாரோஸ்போரின் 1 மைக்ரோமோலாரில் ராத்திரி முழுக்க வைத்துச் சாகடித்தேன். ஒரு மேக்ரோஃபேஜுக்கு 10 ஜர்கட் என்ற விகிதத்தில் சேர்த்து 37 டிகிரியில் 4 மணி நேரம். பிபிஎஸ்ஸில் இரண்டு அலசல், பிறகு ஃப்ளோ சைட்டோமெட்ரி.

கன்ட்ரோலில் 64% பாசிட்டிவ், அடக்கியதில் 62%. மூன்று தடவையும் இதே கதை. தட்டில் கோடு கீறிப் பார்க்கும் நகர்வு சோதனையிலும் வித்தியாசம் இல்லை.

விழுங்குவது, நகர்வது இரண்டும் பேரிலேயே உள்ள ஜீன் இது (ELMO: Engulfment and Cell Motility). இரண்டிலும் ஒன்றும் ஆகவில்லை என்றால், மனித மேக்ரோஃபேஜில் இதற்குப் பெரிய வேலை இல்லை என்று எழுதிவிடலாமா?

---

ஆக்டின்_வலை:

எழுதாதீங்க. இந்த 64-ம் 62-ம் எதை அளக்குதுன்னு முதல்ல பார்ப்போம்.

சிஎஃப்எஸ்இ ஏத்தின ஜர்கட் மேக்ரோஃபேஜோட மேல ஒட்டிக்கிட்டு இருந்தாலும் ஃப்ளோவில் பாசிட்டிவ், உள்ள போயிருந்தாலும் பாசிட்டிவ். எல்மோ-1 வேலை செய்யற இடம் ஒட்டறதுக்கு அப்புறம். செத்த செல்லோட மேல வெளிப்பட்ட பாஸ்ஃபடிடில்செரின்ங்கற கொழுப்பை ரிசப்டர் பிடிக்குது. அதுக்குக் கீழ எல்மோவும் டாக் புரதமும் ஜோடியா வந்து ராக்-1ங்கற சுவிட்ச் புரதத்தைத் தூண்டுது. ராக், செல்லுக்கு வடிவம் தர ஆக்டின் இழைகளைக் கிளப்புது. கிண்ணம் மாதிரி சவ்வு எழும்பி செத்த செல்லைச் சுத்தி மூடுது. எல்மோ இல்லேன்னா பிடிக்கிறது நடக்கும், மூடறதுதான் நடக்காது. நீங்க அளந்தது பெரும்பாலும் பிடிச்சதைத்தான்.

பிபிஎஸ் ரெண்டு அலசலுக்கு ஒட்டின ஜர்கட் கழண்டு வராது. ட்ரிப்சின்-ஈடிடிஏ 37 டிகிரியில 5 நிமிஷம் வெச்சு, குளிர்ந்த பிபிஎஸ்ஸால பலமா அடிச்சு அலசினா பாதி பிரச்சினை தீரும். முழுசா தீரணும்னா உள்-வெளி ரெட்டைச் சாயம். ஜர்கட்டுக்கு சிஎஃப்எஸ்இயோட சேர்த்து மேற்பரப்பில பயோட்டினும் ஏத்திடுங்க. விழுங்கல் முடிஞ்சதும் ஐஸ்ல வெச்சு, சவ்வைத் துளைக்காம, சிவப்பு ஒட்டின ஸ்ட்ரெப்டாவிடின் போடுங்க. வெளியில இருக்கறது பச்சையும் சிவப்பும். உள்ள போனது பச்சை மட்டும். நுண்ணோக்கியில ஃபலாய்டின் (ஆக்டினைக் காட்டற சாயம்) போட்டுப் பார்த்தா இன்னும் தெளிவு: கன்ட்ரோல் செல்லில பச்சை உருண்டையைச் சுத்தி ஆக்டின் வளையம் மூடியிருக்கும், இல்ல மூடி முடிஞ்சு கலைஞ்சிருக்கும். அடக்கினதுல பச்சையும் சிவப்புமா மேலயே உட்கார்ந்திருக்கும், அடியில ஆக்டின் அரைகுறையா இருக்கும். இந்தப் படம் ஒண்ணு கிடைச்சா நூறு பார் வரைபடத்துக்குச் சமம்.

இதுக்கெல்லாம் நேரமில்லேன்னா பிஹெச்ரோடோ சாயம். அமிலத்தன்மையில தான் ஒளிரும். அதனால ஃபேகோசோமுக்குள்ள (விழுங்கினதை அடைக்கற பை) போனது மட்டும் தெரியும். அதுல ஜனங்க வழுக்கற இடங்கள் சொல்றேன். சாயத்தை சீரம் உள்ள மீடியத்தில ஏத்தினா சீரம் புரதமே எல்லாத்தையும் தின்னுடும்; பிபிஎஸ்ஸில ஏத்தி, கடைசியில சீரம் ஊத்தி நிறுத்துங்க. ரொம்ப ஏத்தினா வெளியிலயே மினுங்க ஆரம்பிக்கும். ஃபார்மால்டிஹைடுல பிக்ஸ் பண்ணவே கூடாது, பிஹெச் வித்தியாசம் போனா சிக்னலும் போச்சு. ஐஸ்ல வெச்சு உடனே ஓட்டணும். இன்னொண்ணு: இது விழுங்கினதையும் அமிலமானதையும் சேர்த்துத்தான் அளக்கும். ஃபேகோசோம் முதிர்ச்சியில கோளாறு இருந்தாலும் எண்ணிக்கை குறையும். அதனால ஒரு தடவையாவது உள்-வெளி சாயத்தோட ஒப்பிட்டு வெச்சுக்கணும்.

அடுத்தது, இரை. ஸ்டாரோஸ்போரின் ராத்திரி முழுக்க ரொம்ப அதிகம். 1 மைக்ரோமோலார்னா ஜர்கட்டுக்கு 3-4 மணி நேரம் போதும். அதுக்கு மேல போனா சவ்வு கிழிஞ்சு, நீங்க போடறது செத்த செல் இல்ல, குப்பை. ஒவ்வொரு தடவையும் அனெக்சின்-வி (பாஸ்ஃபடிடில்செரினைப் பிடிக்கும்), பிஐ (சவ்வு கிழிஞ்ச செல்லுக்குள்ள மட்டும் போற சாயம்) ரெண்டும் போட்டுப் பாருங்க. அனெக்சின் பாசிட்டிவ், பிஐ நெகட்டிவ் கூட்டம்தான் பெரும்பான்மையா இருக்கணும். பிஐ பாசிட்டிவ் 10 சதவீதத்தைத் தாண்டினா அந்தத் தொகுதியைக் கொட்டிடுங்க. ஸ்டாரோஸ்போரின் கைனேஸ்களை எல்லாம் அடக்கற மருந்துங்கறதை மறந்துடாதீங்க. சரியா அலசாம கொண்டு போய்ப் போட்டா மேக்ரோஃபேஜையும் சேர்த்து முடக்கும். மூணு அலசல் குறைஞ்சபட்சம்.

இந்த வம்பே வேண்டாம்னா 254 நானோமீட்டர் யூவி. தட்டோட மூடியைக் கழட்டிட்டுக் காட்டுங்க, பாலிஸ்டைரீன் மூடி அந்த அலைநீளத்தை அப்படியே மறைச்சிடும். ஃபீனால் ரெட் மீடியமும் வேண்டாம்; மெல்லிசா பிபிஎஸ். காட்டினப்புறம் மீடியத்தில 3-4 மணி நேரம் இன்குபேட்டர்ல.

நேரம்: 4 மணி நேரத்தில கன்ட்ரோலும் அடக்கினதும் ரெண்டுமே வயிறு ரொம்பி நிக்கும். எல்மோ குறைஞ்சா வேகம்தான் குறையும். மெதுவா சாப்பிடறவனும் ராத்திரிக்குள்ள இலையைக் காலி பண்ணிடுவான். 15, 30, 60, 90 நிமிஷம் எடுங்க. விகிதத்தை 5-க்கு 1-னு இறக்குங்க. சதவீதத்தை மட்டும் பார்க்காம சராசரி ஒளிர்வையும் பெருக்கிப் போடுங்க. ஒண்ணு விழுங்கின செல்லும் நாலு விழுங்கின செல்லும் சதவீதத்தில ஒண்ணுதான்.

---

புழுப்பக்கம்:

மேலே சொன்னதெல்லாம் சரி. அளவீட்டைச் சரிசெய்த பிறகும் வித்தியாசம் சிறிதாகவே வரலாம். அதற்கும் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். காரணம் இந்த ஜீனின் பூர்வீகத்தில் இருக்கிறது.

எல்மோ 2001-ல் அடையாளம் காணப்பட்டது சி. எலெகன்ஸ் புழுவின் செட்-12 (ced-12) ஜீனின் பாலூட்டி வடிவமாக. இருபால் புழுவின் வளர்ச்சியில் 1090 உடற்செல்கள் உருவாகி, அதில் 131 செத்துப்போகின்றன. பக்கத்துச் செல்கள் அவற்றை விழுங்கிவிடும். விழுங்காமல் போனால் சடலம் பொத்தான் போல் வட்டமாக நுண்ணோக்கியில் தெரியும், எண்ணிவிடலாம். இப்படி எண்ணி எண்ணித்தான் இரண்டு தனித்தனிப் பாதைகள் பிரிக்கப்பட்டன. ஒன்றில் செட்-1, செட்-6, செட்-7. மற்றதில் செட்-2, செட்-5, செட்-12. பாலூட்டிகளில் இவை சிஆர்கே-2, டாக்-180, எல்மோ. இரண்டு பாதையும் கடைசியில் செட்-10-ல், அதாவது ராக்கில், போய்ச் சேர்கின்றன. ஒரு பாதையை மட்டும் உடைத்தால் சடலங்கள் ஓரளவு மிஞ்சும், அவ்வளவுதான். இரண்டையும் சேர்த்து உடைத்தால்தான் குவியும்.

உங்கள் மேக்ரோஃபேஜிலும் இதே நிலைமை, இன்னும் சிக்கலாக. மெர்டிகே ரிசப்டர், காஸ்-6 அல்லது புரதம்-எஸ் மூலம் செத்த செல்லைப் பிடிக்கிறது; அங்கிருந்து வாவ் என்ற வேறு தூண்டி வழியாகவும் ராக்குக்குப் போக முடியும். பிஏஐ-1 (BAI1) ரிசப்டர்தான் எல்மோவை நேரடியாகப் பிடிப்பது. உங்கள் மீடியத்தில் 10% சீரம் இருக்கிறது என்றால் புரதம்-எஸ் தாராளமாக இருக்கிறது, மெர்டிகே பாதை முழு வீச்சில் ஓடுகிறது. சீரம் உள்ள, இல்லாத இரண்டு நிலையிலும் சோதனையைச் செய்யுங்கள். சீரம் இல்லாதபோது வித்தியாசம் பெரிதானால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு.

எலியிலும் இதே பாடம்தான். எல்மோ-1 முழுவதும் நீக்கப்பட்ட எலிகள் பிறந்து, வளர்ந்து, சாதாரணமாகவே இருந்தன. 2010-ல் வெளியான ஆய்வில் கோளாறு பளிச்சென்று தெரிந்த இடம் விரைதான்: செர்டோலி செல்கள் செத்த விந்தணு முன்னோடிகளை அகற்ற முடியாமல், குழாய்ச் சுவரில் பல உட்கரு கொண்ட ராட்சதச் செல்கள் தேங்கி, விந்து உற்பத்தி குறைந்தது. தினமும் ஏராளமான செல்கள் சாகும் இடம், விழுங்குவதற்குப் பெரும்பாலும் ஒரே வகைச் செல். மாற்று ஆள் இல்லாத இடத்தில்தான் ஒருவன் லீவு போட்டது தெரியும்.

புழுவைப் பற்றி இன்னொரு விஷயம், பேரில் நகர்வு ஏன் வந்தது என்பதற்காக. செட்-2, 5, 10, 12 பழுதான புழுவில் இனப்பெருக்கக் குழாயின் நுனிச் செல் பாதை தவறுகிறது. நேராகப் போய் ஒரு யூ திருப்பம் போட வேண்டியது, தேவையில்லாத இடத்தில் திரும்பி, குழாய் கோணலாகிவிடும். செட்-1 பாதை பழுதானால் இது நடப்பதில்லை. ஆக நகர்வும் விழுங்கலும் ஒரே இயந்திரம்: முன்விளிம்பில் ராக்கைத் தூண்டி சவ்வைத் தள்ளுவது. தள்ளுவது தரைமீது என்றால் நகர்வு, சடலத்தைச் சுற்றி என்றால் விழுங்கல்.

---

பட்டை_84:

புரதம் குறைந்ததா என்று யாரும் கேட்கவில்லையே. 70% எம்-ஆர்என்ஏ குறைவு என்பது புரதம் 70% குறைந்தது என்று ஆகாது. வெஸ்டர்ன் (ஆன்டிபாடியால் புரதப் பட்டையைப் பார்க்கும் சோதனை) இல்லாமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது. 72 மணி, 96 மணி இரண்டிலும் எடுங்கள்.

அதில் மூன்று குழிகள்.

எல்மோ-1 727 அமினோ அமிலம், கணக்குப்படி 84 கிலோடால்டன். எல்மோ-2 720 அமினோ அமிலம், கிட்டத்தட்ட அதே எடை, வரிசையும் மிக நெருக்கம். ஆன்டிபாடி இரண்டையும் பிடித்தால் எல்மோ-1 காலியானாலும் பட்டை அங்கேயே நிற்கும். ஹெக்-293டி செல்லில் டேக் வைத்த எல்மோ-1, 2, 3 மூன்றையும் தனித்தனியாக வெளிப்படுத்தி, உங்கள் ஆன்டிபாடி எதைப் பிடிக்கிறது என்று ஒரே ஜெல்லில் பார்த்துவிடுங்கள். ஒரு வாரச் செலவு, ஒரு வருடம் மிச்சம். எல்மோ-1 ஜீன் 7-ஆம் குரோமோசோமில், எல்மோ-2 20-ல், எல்மோ-3 16-ல். தனித்தனி ஜீன்கள்; ஒன்றுக்கென்று வடிவமைத்த எஸ்ஐ-ஆர்என்ஏ மற்றதைப் பெரும்பாலும் தொடாது. எல்மோ-1 போனதும் எல்மோ-2 கூடுகிறதா என்று கியூபிசிஆரில் அவசியம் பாருங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து அடக்கிப் பாருங்கள்.

இரண்டாவது குழி, குட்டை வடிவம். எல்மோ-1-க்கு 247 அமினோ அமிலம் மட்டுமே கொண்ட ஒரு வடிவம் உண்டு; முழு நீளத்தின் முதல் 480 இல்லாமல், கடைசிப் பகுதி மட்டும். டாக்கோடு ஒட்டும் பிஹெச் டொமைனும் (ப்ளெக்ஸ்ட்ரின் வகைப் பகுதி, அமில அளவான பிஹெச் அல்ல) வால் பகுதியும் அந்தக் கடைசிப் பகுதியில்தான் இருக்கின்றன. எஸ்ஐ-ஆர்என்ஏவும் கியூபிசிஆர் பிரைமரும் முன்பகுதி எக்ஸான்களில் விழுந்தால் குட்டை டிரான்ஸ்கிரிப்டை அடக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. கிரிஸ்பரில் முன் எக்ஸானை வெட்டினாலும் இதே கதை. பின்பகுதி எக்ஸானுக்கு இன்னொரு எஸ்ஐ-ஆர்என்ஏ வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, செல். பிஎம்ஏ போட்டு ஒட்டிய டிஎச்பி-1க்குள் எஸ்ஐ-ஆர்என்ஏ ஏறுவது சிரமம். சில செல்களில் முழுக்க அடங்கி, சில செல்களில் துளியும் அடங்காமல், சராசரி 70% என்று வரும். லென்டிவைரஸ் எஸ்ஹெச்-ஆர்என்ஏ அல்லது கிரிஸ்பர் கொண்டு, மிதக்கும் நிலையிலேயே அடக்கி, தேர்வு செய்து, பிறகு பிஎம்ஏ கொடுங்கள். பிஎம்ஏ 100 நானோமோலார் 72 மணி தேவையில்லை; 10 முதல் 25 நானோமோலார், 48 மணி. பிறகு பிஎம்ஏ இல்லாத மீடியத்தில் குறைந்தது 24 மணி ஓய்வு. பிஎம்ஏ தானே பிகேசி வழியாக ஆக்டினையும் இன்டெக்ரினையும் உசுப்பிவிடும். அது உள்ளே இருக்கும்போது எல்மோ பாதையை அளப்பது, மேளம் அடிக்கும் இடத்தில் கைக்கடிகாரச் சத்தம் கேட்பது போல.

அடக்கிய செல்களில் டாக் புரதத்தின் அளவையும் பாருங்கள். எல்மோ-1 இருந்தால் டாக்-180 மீது யுபிக்விட்டின் ஒட்டுவது தடைபடுகிறது. எல்மோ போனால் டாக்கும் சிதைந்து குறையலாம். ரத்தவகைச் செல்களில் டாக்-180ஐ விட டாக்-2தான் முக்கியக் கூட்டாளி என்பதால் அந்த ஆன்டிபாடியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

---

பாதிப்_பிப்பெட்:

மூவருக்கும் நன்றி. பிரைமர் இரண்டுமே முன்பகுதி எக்ஸானில்தான் இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். விழுங்கலுக்கு முன்னாடியே ராக் தூண்டப்படுவதை நேரடியாக அளந்தால் இன்னும் தெளிவாக இருக்குமா? ராக்-ஜிடிபி (GTP) புல்டவுன், அதாவது தூண்டப்பட்ட ராக்கை மட்டும் மணியில் பிடித்து எடுப்பது, ஒரு தடவை செய்ததில் எல்லா லேனும் காலி.

---

பட்டை_84:

எல்லா லேனும் காலி என்றால் பெரும்பாலும் லைசிஸ் பஃபரில் ஈடிடிஏ இருந்திருக்கும். புரோட்டியேஸ் தடுப்பு மாத்திரையிலேயே ஈடிடிஏ கலந்த வகை உண்டு, ஈடிடிஏ இல்லாத வகையை வாங்க வேண்டும். ராக் ஜிடிபியைப் பிடித்துவைத்திருக்க மெக்னீசியம் தேவை. ஈடிடிஏ மெக்னீசியத்தை உருவிவிட்டால் ஜிடிபி கழன்றுவிடும். பஃபரில் மெக்னீசியம் குளோரைடு 5-10 மில்லிமோலார் இருக்கட்டும்.

அடுத்தது வேகம். ராக் ஜிடிபியை ஜிடிபி-ஏஸ் வேலையால் தானே உடைத்துக்கொண்டே இருக்கும். தட்டை ஐஸ்மீது வைத்து, ஐஸ்குளிர் பிபிஎஸ்ஸால் ஒரே அலசல், பஃபர், சுரண்டல், 4 டிகிரியில் சுழற்றல், நேராக பிஏகே-1 பிபிடி மணிகளில் (ஜிடிபி ஏறிய ராக்கைப் பிடிப்பவை). ஒரு தட்டுக்கு மேல் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். லைசேட் 500 மைக்ரோகிராம், மணிகளில் 10-20 மைக்ரோகிராம் புரதம், 4 டிகிரியில் அதிகபட்சம் ஒரு மணி நேரம். மீதி லைசேட்டில் கொஞ்சம் மொத்த ராக் பார்க்க எடுத்துவையுங்கள்.

பாசிட்டிவ் கன்ட்ரோல் கட்டாயம்: லைசேட்டில் ஈடிடிஏ 10 மில்லிமோலார், ஜிடிபி-காமா-எஸ் 0.1 மில்லிமோலார், 30 டிகிரியில் 15 நிமிடம், பிறகு மெக்னீசியம் 60 மில்லிமோலார் ஊற்றி நிறுத்துங்கள். இங்கே மட்டும் ஈடிடிஏ வேண்டும். பழைய நியூக்ளியோடைடு கழன்று, உடையாத ஜிடிபி ஏற வேண்டும் அல்லவா. இந்த லேனிலும் பட்டை வரவில்லை என்றால் தப்பு மணிகளில் அல்லது ஆன்டிபாடியில். செல்லைக் குறை சொல்லாதீர்கள். செத்த ஜர்கட் போட்ட பிறகு 5, 10, 15, 30 நிமிடம் எடுங்கள். ஜர்கட்டிலேயே ராக் இருக்கிறது என்பது ஞாபகம் இருக்கட்டும்: செத்த ஜர்கட் மட்டும் ஒரு லேன்.

---

ஆக்டின்_வலை:

கன்ட்ரோல்னு வந்ததால சொல்றேன், விழுங்கல் சோதனைக்கும் நாலு வேணும். 4 டிகிரியில வெச்ச தட்டு, அங்க ஒட்டும், விழுங்காது. சைட்டோகலாசின்-டி (ஆக்டினை முடக்கற மருந்து) 5 மைக்ரோமோலார் 30 நிமிஷம் முன்னாடியே. உயிரோட இருக்கற ஜர்கட். அப்புறம் அனெக்சின்-வியால பாஸ்ஃபடிடில்செரினை மூடின செத்த ஜர்கட். உங்க முதல் சோதனையில சைட்டோகலாசின் போட்டிருந்தா அதுவும் 50, 55% காட்டியிருந்தாலும் ஆச்சரியப்படமாட்டேன், அப்பவே ஒட்டினதைத்தான் எண்றோம்னு தெரிஞ்சிருக்கும்.

மீட்பு சோதனையும் திட்டத்தில வைங்க. எஸ்ஐ-ஆர்என்ஏ பிடிக்காத எல்மோ-1-ஐத் திரும்பப் போட்டா விழுங்கல் திரும்பணும். டாக்கோட ஒட்ட முடியாததைப் போட்டா திரும்பக் கூடாது. வாலில இருக்கற புரோலின் வரிசையை மட்டும் மாத்தினா போதும்னு நினைக்காதீங்க. பிஹெச் டொமைனைத் தொடர்ந்து வர ஹெலிக்ஸும் டாக்கைப் பிடிச்சுக்குது. ரெண்டையும் கெடுக்கணும். எல்மோவை மட்டும் அதிகமாப் போட்டுப் பார்த்து ஒண்ணும் ஆகலேன்னும் சொல்லாதீங்க. எல்மோவும் டாக்-180-ம் சேர்த்துப் போட்டாத்தான் ஏத்தம் தெரியும். எல்ஆர்-73 செல்லும் 2 மைக்ரான் கார்பாக்சிலேட் மணியும் வெச்சுச் செஞ்ச பழைய சோதனைகள்லயே அது தெளிவு.

---

கேள்விக்குறி_காரன்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மரபணுப் பரிசோதனை அறிக்கைகளில் எல்மோ-1 பெயர் சர்க்கரை நோய் சிறுநீரக பாதிப்போடு வருகிறதே, அது இதே ஜீன்தானா?

---

புழுப்பக்கம்:

இதே ஜீன்தான். 2005-ல் ஜப்பானியர்களிடம் செய்த ஆய்விலிருந்து வந்தது. ஜீனோம் முழுக்க பல்லாயிரம் எஸ்என்பிகளை (டிஎன்ஏவில் ஆளுக்கு ஆள் ஓர் எழுத்து மாறும் இடங்கள்) பார்த்து, டைப்-2 சர்க்கரை நோயாளிகளில் யாருக்குச் சிறுநீரகம் கெடுகிறது என்பதோடு தொடர்புள்ளதாக எல்மோ-1-ல் ஒன்று சிக்கியது. பிறகு வேறு மக்கள் தொகைகளிலும் இந்த ஜீன் வந்தது, ஆனால் ஒரே எஸ்என்பி அல்ல. அது புரதத்தை மாற்றுவது அல்ல, இன்ட்ரானில் இருப்பது. ஒரு தனி ஆளின் அறிக்கையில் இதைக் கண்டு பயப்படவோ நிம்மதியடையவோ ஒன்றுமில்லை. சிறுநீரில் அல்புமினும் ரத்தத்தில் கிரியாட்டினினும்தான் மருத்துவர் பார்ப்பார், அவைதான் பேசும்.

இந்த ஜீனைக் கிருமிகளும் கண்டுகொண்டன. ஷிகெல்லா பாக்டீரியாவின் ஐபிஜிபி-1 புரதம் ரோ-ஜி என்ற செல் புரதம் போல வேஷம் போட்டு எல்மோவை இழுத்து, செல்லைத் தன்னை விழுங்க வைக்கிறது. எச்ஐவியின் நெஃப் டாக்-2, எல்மோ-1 ஜோடியைப் பிடித்து டி-செல்லில் ராக்கைத் தூண்டுகிறது.

(இணையத்தில் வெறும் எல்மோ என்று தேடினால் சிவப்புப் பொம்மைதான் வரும். CED-12 என்று சேர்த்துத் தேடுங்கள்.)

---

ஆக்டின்_வலை:

கடைசியா அந்தக் கீறல் சோதனை. டிஎச்பி-1 மேக்ரோஃபேஜ் தாளா விரிஞ்சு கீறலை மூடற செல்லே இல்ல. ஃபைப்ரோபிளாஸ்ட்டுக்கு அது பொருந்தும்: மைட்டோமைசின்-சி ஒரு மில்லிக்கு 10 மைக்ரோகிராம், 2 மணி நேரம், பெருக்கத்தை நிறுத்தி, சீரத்தை 1 சதவீதத்துக்கு இறக்கிட்டு. உங்களுக்கு டிரான்ஸ்வெல்தான் (துளைச் சவ்வு வழியா செல் இறங்கறதை எண்ற சோதனை). பிஎம்ஏ போடாத டிஎச்பி-1-க்கு 5 மைக்ரான் துளை, போட்டதுக்கு 8 மைக்ரான். 24 குழித் தட்டுன்னா மேல 1 லட்சம் செல் 100 மைக்ரோலிட்டரில, கீழ 600 மைக்ரோலிட்டரில சிசிஎல்-2 (செல்லை இழுக்கற சமிக்ஞைப் புரதம்) ஒரு மில்லிக்கு 50 நானோகிராம். 3-4 மணி நேரம். இன்சர்ட்டை இறக்கும்போது அடியில காத்துக்குமிழ் மாட்டினா அந்த இடத்தில ஒரு செல்லும் இறங்காது, சாய்ச்சு இறக்குங்க. மேலயும் கீழயும் ஒரே அளவு சிசிஎல்-2 போட்ட குழி ஒண்ணு வேணும், திசை தெரிஞ்சு போகுதா சும்மா அலையுதான்னு அதுதான் சொல்லும்.

முதல்ல வெஸ்டர்ன். அது வந்தப்புறம் படத்தை இங்கயே போடுங்க, மார்க்கர் லேனை வெட்டாம.